நைட் சுவிட்ச் ஆஃப் பண்ணா காலையில விண்டோஸ் வராத பிசி – என் அனுபவம்

மன்னார்குடியில சித்தப்பா வீட்டு பழைய டெஸ்க்டாப்புல விண்டோஸ் 10 போட்டேன், நாள் முழுக்க எத்தனை ரீஸ்டார்ட் பண்ணாலும் நல்லா ஓடும், மறுநாள் காலையில பாத்தா ப்ளூ ஸ்க்ரீன், 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்'னு, அதாவது விண்டோஸ் இருக்குற டிஸ்க்க திறக்க முடியலன்னு. திரும்ப ஓஎஸ் போட்டாச்சு, ஹார்ட் டிஸ்க்க மதர்போர்டோட இணைக்குற சாட்டா கேபிள் மாத்தியாச்சு, ரேமை ரப்பர் வச்சு தேச்சாச்சு (எல்லாரும் சொல்ற வைத்தியம் அதான்), ஹார்ட் டிஸ்க் டெஸ்ட்லயும் ஒரு குறையும் இல்ல.

அப்புறந்தான் பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடியே ஓடுற மதர்போர்டு செட்டிங் புரோகிராம்) தேதிய பாத்தேன், 2009னு நிக்குது! சித்தப்பா நைட் படுக்குறப்ப சுவர் சுவிட்சையும் ஆஃப் பண்ணிடுவாரு. ஷட்டவுன் பண்ணாலும் பிளக்குல கரண்ட் இருக்குற வரைக்கும் பயாஸ் செட்டிங் அப்படியே இருக்கும், அதனாலதான் பகல்ல பிரச்சினையே தெரியல. கரண்ட் போனா மதர்போர்டு பேட்டரிதான் தாங்கணும், அது செத்துப்போச்சு. உடனே பயாஸ் டிஃபால்ட்டுக்கு போய் சாட்டா மோட் (டிஸ்க்கோட பேசுற முறை) புது முறையான ஏஹெச்சிஐல இருந்து பழைய முறையான ஐடிஇ ஆயிடுது, விண்டோஸ் போட்டது ஏஹெச்சிஐல, அப்ப எப்படி பூட் ஆகும்.

வாட்ச் கடையிலயே கிடைக்குற சிஆர்2032, 3 வோல்ட் பேட்டரி வாங்கி போட்டு, தேதிய சரிபண்ணி, சாட்டாவ ஏஹெச்சிஐ ஆக்கி சேவ் பண்ணேன். ஓஎஸ் மறுபடி போட வேண்டியதே இல்ல, பழசே அப்படியே வந்துடுச்சு. இப்ப இங்க மாசாந்திர மெயின்டனன்ஸ்னு நாள் முழுக்க கரண்ட் நிறுத்துனாலும் சாயங்காலம் ஒழுங்கா பூட் ஆகுது.