தில்லியில் ஒரு செமஸ்டர்: வெளிநாட்டிலிருந்து வரும் தமிழ் மாணவர்களுக்கு

மலேசியாவில் வரலாற்றில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஒரு செமஸ்டரைத் தில்லியில் படித்தேன். ஜூலைக் கடைசியில் வந்து இறங்கி, டிசம்பர் நடுவில் திரும்பினேன். நான்கரை மாதம் என்பது புறப்படும்போது தாராளமாகத்தான் தெரிந்தது. ஆனால் அதில் முதல் மாதம் பதிவு, விடுதி, சிம் கார்டு என்று அலைந்ததிலும், கடைசி இரண்டு வாரங்கள் பாக்கியில்லை என்ற கையெழுத்துகளை வாங்கியதிலும் கரைந்துபோயின. மூன்றாண்டுப் படிப்புக்கு வருகிறவர் ஒரு மாதத்தை இழந்தால் அது பெரிதாகத் தெரியாது. ஒரு செமஸ்டருக்கு வருகிறவருக்கு அது ஏறத்தாழக் கால் பங்கு. ஆகவே எந்த வேலையை எதற்கு முன் முடிக்க வேண்டும் என்பதையே இங்கு முக்கியமாக எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. கோலாலம்பூர், சிங்கப்பூர், யாழ்ப்பாணம் என்று கடவுச்சீட்டோடு வருபவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் பெயர். மலேசியத் தமிழர்களின் கடவுச்சீட்டில் நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' என்று இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் அது. குடும்பப் பெயர் என்று நம்மிடம் ஒன்று கிடையாது. நான் நிரப்பிய இணையப் படிவங்களோ குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு நகர மறுத்தன; சாய்கோட்டையும் ஏற்கவில்லை. இதனால் விசாவில் அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராயிற்று; சேர்க்கைக் கடிதத்தில் 'ஏபி' என்ற இரண்டு எழுத்துகள் பெயரின் நடுவே ஒட்டிக்கொண்டன; விடுதிப் பட்டியலில் அப்பாவே படிக்க வந்திருந்தார். மூவரும் ஒருவரே என்று எழுதிக் கையெழுத்து வாங்க ஒன்பது நாள் ஆனது. விசா விண்ணப்பத்தில் பெயரை எப்படிப் பிரித்து எழுதினீர்களோ, அதே பிரிப்பைச் சேர்க்கை அலுவலகத்துக்கும் விடுதிக்கும் புறப்படுவதற்கு முன்பே மின்னஞ்சலில் தெரிவித்து, கடவுச்சீட்டின் படத்தையும் இணைத்து அனுப்பிவிடுங்கள். தந்தை பெயரை முதலெழுத்தாக மட்டும் எழுதிப் பழகியவர்களும் இதே சிக்கலில் விழுவார்கள்.

அடுத்தது பதிவு. 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர்கள், இந்தியாவுக்கு வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அந்த அலுவலகத்தின் 'இ-எஃப்ஆர்ஆர்ஓ' இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். நான் படிக்கப்போவது நான்கரை மாதம்தானே என்று நாமாக முடிவுசெய்துகொள்ளக் கூடாது. விசா எத்தனை நாளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, பதிவைப் பற்றி அதில் என்ன வாசகம் அச்சாகியிருக்கிறது என்பவற்றைப் படித்துப் பார்க்க வேண்டும். இதைத் தவிர, வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் யாராக இருந்தாலும், விடுதியோ வீட்டுக்காரரோ, அதை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். பேச்சு வழக்கில் இதை 'சி ஃபார்ம்' என்பார்கள். 'பிஜி' என்று சொல்லப்படும் பேயிங் கெஸ்ட் வீடுகளை நடத்துபவர்களில் சிலர் இந்தத் தொல்லைக்காகவே வெளிநாட்டு மாணவர் வேண்டாம் என்பார்கள். வேறு சிலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுச் செய்யாமல் விட்டுவிடுவார்கள். முகத்துக்கு நேரே வேண்டாம் என்பவரால் நமக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. தலையாட்டுகிறவரிடம்தான் எச்சரிக்கை தேவை. அந்தப் படிவத்தின் நகல் கைக்கு வரும்வரை முழு முன்பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

சிம் கார்டு வாங்கக் கடவுச்சீட்டும் விசாவும் மட்டும் போதவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவரின் கைபேசி எண்ணையும் கேட்டார்கள், அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் வந்த கடவு எண்ணை (ஓடிபி) சொன்ன பிறகுதான் வேலை நடந்தது. தில்லியில் யாரையும் தெரியாமல் வந்து இறங்கியவருக்கு இது முதல் முட்டுக்கட்டை. வரும் முன்பே ஒரு குடும்பத்தையோ மூத்த மாணவரையோ தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு அன்பும் ஆதரவும் இரண்டாம் காரணம்தான். முதல் காரணம் இந்தக் கடவு எண். தேநீர்க் கடையிலிருந்து காய்கறி வண்டிவரை எல்லாரும் கைபேசியிலேயே பணம் வாங்குவதால், இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவர் எப்போதும் சில்லறை நோட்டுகளை வைத்திருக்க வேண்டும். மெட்ரோவுக்கு முதல் நாளே ஸ்மார்ட் கார்டு வாங்கிவிடுங்கள். மலேசியா, சிங்கப்பூரின் தட்டை முள் பிளக் இங்கு நுழையாது. உருண்டை முள் மாற்றி ஒன்று பெட்டியிலேயே இருக்கட்டும்.

பாடங்களைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் கோட்டைவிடுவது கிரெடிட் கணக்கில். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். இந்தியாவின் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் அது 30 மணி நேரம். அதாவது இங்கு நான்கு கிரெடிட் கொண்ட பாடம், மணிக்கணக்காகப் பார்த்தால், அங்கு மூன்றுதான். நான்கு பாடங்கள் எடுத்தால் பதினாறு கிரெடிட் சேரும் என்று எண்ணி வந்த எனக்கு, ஊரில் பன்னிரண்டுதான் கிடைக்கும் என்று செப்டம்பரில்தான் தெரியவந்தது. அதற்குள் பாடம் மாற்றும் காலக்கெடு முடிந்திருந்தது. எத்தனை கிரெடிட் ஏற்கப்படும் என்பதைச் சொந்தப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவதே சரி. நாட்காட்டியும் பொருந்தாது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மழைக்காலச் செமஸ்டர், குளிர்காலச் செமஸ்டர் என்றே பெயர். மழைக்காலச் செமஸ்டர் டிசம்பர்வரை போகும். எங்கள் கல்வியாண்டோ அக்டோபரில் தொடங்கிவிடுகிறது. ஆகவே திரும்பிய பிறகு எனக்குப் பாதிச் செமஸ்டர் சும்மா கிடந்தது. அதே பல்கலைக்கழகத்தின் விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியார் விடுதி என்ற பலகையைப் பார்த்து நெகிழ்ந்துபோக வேண்டாம், அது பெரியாறு என்ற ஆற்றின் பெயர்தான்.

வகுப்பறை ஆங்கிலத்தில் நடக்கும். விவாதம் சூடுபிடித்தால் ஹிந்திக்கு நழுவும். கையைத் தூக்கிச் சொன்னால் திரும்பி வருவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வகுப்பறைக்கு வெளியேதான் ஹிந்தி தேவைப்படும். வணக்கம், நன்றி, எப்படி இருக்கிறீர்கள் என்றெல்லாம் கற்பதைக் காட்டிலும் எண்களைக் கற்பது பத்து மடங்கு பயனுள்ளது என்பது என் அனுபவம். ஒன்று முதல் நூறுவரை ஒவ்வோர் எண்ணுக்கும் தனிச்சொல் போலவே ஒலிக்கும் மொழி அது. இருபத்து ஒன்று, இருபத்து இரண்டு என்று நாம் அடுக்குவதுபோல் அடுக்க முடியாது. அதற்கும் மேல் பின்னங்கள். ஆட்டோக்காரர் 'டேட் சௌ' என்றால் நூற்றைம்பது, 'டாய் சௌ' என்றால் இருநூற்றைம்பது, 'சாடே தீன் சௌ' என்றால் முந்நூற்றைம்பது. தமிழில் ஒன்றரை மணி, இரண்டரை கிலோ என்போமே தவிர ஒன்றரை நூறு என்பதில்லை. அங்கு அதுதான் பேச்சு. சௌ என்பது மட்டும் காதில் விழுந்து நூறு ரூபாயை நீட்டி, வீதியில் நின்று வாதாடிய நாட்கள் எனக்கு உண்டு. இன்னொன்று: 'கல்' என்றால் நேற்றும்தான் நாளையும்தான், 'பரசோன்' என்றால் முந்தாநாளும்தான் நாளை மறுநாளும்தான். அலுவலகத்தில் 'பரசோன்' என்று சொன்னால், காகிதம் முந்தாநாளே போய்விட்டதா, இனிமேல்தான் போகப்போகிறதா என்று தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'ஹோ ஜாயேகா', ஆகிவிடும், என்ற சொல்லை மட்டும் ஒருபோதும் தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தில்லியில் தமிழர்கள் எங்கே என்ற கேள்விக்கு, நகரின் தென்பகுதியில் உள்ள ஆர்.கே. புரம் என்பதே எளிய விடை. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தொடங்கப்பட்டது. அதன் கட்டடமும் நூலகமும் அங்கேதான் உள்ளன. செக்டர் ஏழில் சிறு குன்றின்மேல் சுவாமிநாதர் கோயில் இருக்கிறது. ஊரார் மலை மந்திர் என்பார்கள். பத்துமலையின் 272 படிகளை ஏறி வளர்ந்த எங்களுக்கு அது குன்றாகவே தெரியாது என்றாலும், முருகன் மேட்டின்மேல் இருப்பதைப் பார்த்ததும் வந்த நிம்மதியை மறைக்க விரும்பவில்லை. சிம் கார்டுக்கு எண் கொடுத்த மாமியை நான் சந்தித்ததும் அங்கேதான். முதல் முறை அவர் வீட்டுக்குப் போனபோது, "பசியாறிட்டீங்களா, மாமி?" என்று கேட்டேன். காலை உணவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "என்னம்மா, கோயில் கல்வெட்டு மாதிரிப் பேசறே!" என்று சிரித்தார். அவருடைய பேரனோ பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாகத்தான் பேசினான்.

ஆனால் ஆர்.கே. புரம் மட்டுமே தில்லித் தமிழர் என்று எண்ணிவிடக் கூடாது. அரசாங்க வேலைக்காக வந்தவர்களின் சுவடுகள்தான் சங்கமும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்த தமிழர்கள் ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயை ஒட்டிய மதராஸி கேம்ப்பில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள். நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் மாதத்தில் அது இடிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மட்டும் நகரின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். தோட்டத் தொழிலாளர் வழியில் வந்த எனக்குச் சங்கத்து மேடையைவிட இவர்களுடைய தமிழ்தான் காதுக்கு நெருக்கமாக இருந்தது. தமிழ் வட்டத்தில் எவ்வளவு நேரம் இருப்பது என்பதில் என் கருத்து இது: முதல் மூன்று வாரம் வாரந்தோறும் போங்கள், பிறகு மாதம் ஒரு முறை போதும். ஒரு செமஸ்டரின் எல்லா ஞாயிறுகளையும் தயிர்சாதத்தில் கழித்த ஒரு நண்பர், தன் வகுப்புத் தோழர்களில் நான்கு பேரின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் விமானம் ஏறினார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. விடுதியில் ராஜ்மா, சோளே, ரொட்டி, சோறும் உண்டு. கடுகெண்ணெய் வாசனை இரண்டு வாரத்தில் பழகிவிடும். ஐஎன்ஏ மார்க்கெட்டில் தேங்காயும் கறிவேப்பிலையும் தென்னிந்தியப் பொடிகளும் கிடைக்கும்; அசோகா சாலையில் உள்ள ஆந்திர பவன் கேன்டீனில் வயிறாரச் சாப்பிடலாம்.

ஆராய்ச்சிக்காக வருபவர்கள் ஆவணக் காப்பக அனுமதியை முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் குடியேற்றத் துறையின் பழைய கோப்புகள் உள்ளன. மலாயாத் தோட்டங்களுக்கு உதவித்தொகையுடன் தொழிலாளர்களை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடைசெய்ததன் பின்னணியைத் தேடித்தான் நான் போனேன். பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு உங்கள் நாட்டுத் தூதரகத்தின் அறிமுகக் கடிதமும் கையில் இருந்தால் ஒரு நடை மிச்சமாகும். 'அபிலேக் படல்' என்ற அதன் இணையதளத்தில் கோப்பு எண்களை ஊரிலிருந்தபடியே தேடி எடுத்துவர முடியும். எண்ணில்லாமல் போய் நின்று நான் ஒரு வாரத்தை வீணாக்கினேன். தமிழ்ப் புத்தகம் படிக்கக் கை துறுதுறுத்தால் மண்டி ஹவுஸ் அருகே ரவீந்திர பவனில் சாகித்திய அகாதெமி நூலகம் இருக்கிறது.

அக்டோபர் வந்தால் திட்டமிட்டவை எல்லாம் கலையும். தசராவிலிருந்து தீபாவளிவரை அலுவலகங்களில் கையெழுத்துக் கிடைப்பது அரிது. நம் தீபாவளி சதுர்த்தசி விடியலில் எண்ணெய்க் குளியலோடு வருவது. அங்கு அமாவாசை மாலையில் லட்சுமி பூசையோடு வருவது. நான் விடியற்காலை நான்கரை மணிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளியலறைக்குப் போனதைப் பார்த்த அறைத்தோழி எனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்தாள். அதைத் தொடர்ந்து புகை. பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கப்படும் வைக்கோலும், வாகனப் புகையும், பட்டாசும், காற்று அசையாத குளிர்ந்த வானிலையில் நகரின்மேல் தங்கிவிடுகின்றன. காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டும் நாட்களில் வகுப்புகள் இணையத்துக்கு மாறக்கூடும். என்95 முகக்கவசத்தைச் செப்டம்பரிலேயே வாங்கிவையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், முடிந்தால், ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரைத் தேர்ந்தெடுப்பதே மேல். குளிரும் முதல் சில வாரப் புகையும் அதிலும் உண்டு, ஆனால் மார்ச்சில் வானம் தெளிந்துவிடும். குளிருக்கான உடுப்பை ஊரில் வாங்க வேண்டாம். எங்கள் ஊரில் குளிருடுப்பு என்று விற்பது தில்லியின் டிசம்பர் இரவுக்கு உறைபோடக் காணாது. உள்ளுடுப்பும் 'ரஜாய்' என்னும் பஞ்சுப் போர்வையும் அங்கே மலிவு.

ஊருக்குத் திரும்புவதற்கு மூன்று வாரம் முன்பே, பாக்கியில்லை என்று காட்டும் 'நோ டியூஸ்' படிவத்தை வாங்கிவிடுங்கள். நூலகம், விடுதி, உணவுக்கூடம், துறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து. ஒருவர் விடுப்பில் போனால் எல்லாம் நிற்கும். மதிப்பெண் பட்டியல் நீங்கள் போன பிறகுதான் வரும் என்பதால், அதைப் பெற்று அனுப்ப ஒரு தோழருக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுங்கள். பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். என் பட்டியலில் 'ஏபி' கடைசிவரை போகவில்லை.

என் ரஜாய், வாளி, மின்கெட்டில், பிளக் மாற்றி ஆகியவை ஆர்.கே. புரம் மாமி வீட்டுப் பரணில் இருக்கின்றன. எங்கள் துறையிலிருந்து அடுத்து வருபவர் ஜூலையிலேயே எடுத்துக்கொள்ளலாம். ரஜாயைப் போர்த்திக்கொள்வதற்கு முன் ஒரு நாள் மொட்டைமாடி வெயிலில் காயப்போட வேண்டும்.