சூடேற மறுத்த எஞ்சின்: என் அனுபவம்

அன்றாடப் பயணத்திற்காக, 1.4 லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட சிறிய இத்தாலியக் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினேன். வளைவுகளில் அது காட்டும் துடிப்புக்காகவே அதை விரும்பினேன். ஆனால் நெடுஞ்சாலையில் செல்லும்போது வெப்பமுள் கீழே இறங்குவதையும், நெரிசலில் நின்றால் மீண்டும் ஏறுவதையும் விரைவிலேயே கவனித்தேன். பெட்ரோல் செலவும் கூடியிருந்தது.

பணிமனையில் வெப்ப உணரியை மாற்றினார்கள், பயனில்லை. பின்னர் நானே, காரின் கணினித் தரவைப் படிக்கும் ஓபிடி கருவியை இணைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டிய கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம், ஓட்டத்தில் 70 டிகிரியைத் தாண்டவேயில்லை. மறுநாள் காலை, ஆறிய எஞ்சினை இயக்கி ரேடியேட்டரின் மேல்குழாயைத் தொட்டுப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குக் கூலன்ட் செல்வதைத் தடுக்கும் வால்வு) மூடியிருந்தால் நெடுநேரம் குளிர்ந்தே இருக்க வேண்டிய அக்குழாய், எஞ்சினோடு சேர்ந்தே சூடேறியதால், வால்வு திறந்த நிலையில் சிக்கியிருப்பது தெளிவாயிற்று. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கணிக்கும் கட்டுப்பாட்டுக் கணினி கூடுதல் எரிபொருளைச் செலுத்தும். செலவு கூடியதன் காரணம் அதுவே.

தெர்மோஸ்டாட்டையும் கசிவைத் தடுக்கும் அதன் கேஸ்கெட்டையும் மாற்றுவது எளிது. கடினமானது, கூலன்ட் நிரப்பிய பின் உள்ளே தங்கும் காற்றை வெளியேற்றுவதுதான். ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் வரும்வரை பொறுமையாக நிரப்பினேன் (சூடான எஞ்சினில் கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது). இப்போது முள் எந்த வேகத்திலும் நடுவிலேயே நிற்கிறது.