வாங்கி வைத்த சிறு வீடியோ கேம்களை விளையாடி முடிக்க ஒரு வழி

வாங்கிய பிறகு தொடாமலே கிடக்கும் சிறிய இண்டி கேம்களை (பெரிய நிறுவனங்களைச் சாராத சிறு குழுக்கள் உருவாக்குபவை) விளையாட நினைப்பவர்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியக்கூடியவற்றை நாள்கணக்கில் இழுக்காமல், ஒரே அமர்வில் முடித்துவிட வேண்டும் என்பதே என் அழுத்தமான பரிந்துரை. 2017-இல் வெளிவந்த ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச்’ கேமில், மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் லூயிஸின் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கை மீன்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே இருக்க, மறு கையால் அவனுடைய கற்பனை நாட்டில் ஓர் உருவத்தை நடத்திச் செல்கிறோம், அந்தக் கற்பனை மெல்ல மெல்லத் திரையை நிறைத்துவிட்ட பிறகும் வெட்டும் கை தன்போக்கில் இயங்குவதை உணரும்போது, அவனுடைய மனநிலை நமக்குப் புரிந்துவிடுகிறது. இடையில் நிறுத்தினால் கைக்குப் பழகிய அந்தத் தாளம் அறுந்துபோகும்.

அடுத்ததாக, முற்றிலும் வேறு வகையான கையசைவைக் கேட்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெட்டிகளிலிருந்து பொருள்களை எடுத்து அடுக்கும், 2021-இல் வந்த ‘அன்பேக்கிங்’ எனக்கு மிகவும் பொருத்தமாக இருந்தது. அதில் வீடு மாறும் நாயகி, காதலனின் வீட்டில் தன் பட்டச் சான்றிதழை மாட்ட இடமின்றிக் கட்டிலுக்கு அடியில் வைக்க நேர்வது, ஒரு வசனமும் இல்லாமல் அந்த உறவின் நிலையைச் சொல்லிவிடுகிறது. ஒரே நாளில் இரண்டைத் தொட வேண்டாம். அரை மணி நேரம் விளையாடியும் பிடிக்காததைத் தயங்காமல் நீக்கிவிடலாம்.