பிரஷர் வாஷரைப் பனிக்காலத்துக்கு எப்படி எடுத்து வைப்பது?

ரொறன்ரோப் பக்கம் ஒக்டோபர் முடிவதற்குள் பலரும் வெளிக்குழாயை வீட்டுக்குள்ளிருந்து பூட்டிவிடுவார்கள். உங்களிடம் பிரஷர் வாஷர் இருந்தால் அதன் வேலையை அதற்கு முன்பே முடியுங்கள். கழுவிச் சுத்தம் செய்யக் குழாய்த் தண்ணீர் வேண்டும்.

எதற்கு இவ்வளவு பாடு? தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். மெஷினை நிறுத்தி ஹோஸைக் கழற்றிய பிறகும் பம்பின் வால்வுகளுக்கும் சீல்களுக்கும் இடையில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். அது உறைந்தால் பித்தளையோ அலுமினியமோ, பம்பின் உடம்பே வெடித்துவிடும். வசந்தத்தில் எஞ்சின் ஜோராக ஸ்டார்ட் ஆகும், தண்ணீர் மட்டும் பக்கவாட்டில் ஒழுகும். ஹீட்டர் இல்லாத கராஜில் வைத்தால் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், ஜனவரியில் அதுவும் பூச்சியத்துக்குக் கீழே போகும்.

மின்சாரத்தில் ஓடுவதா? வேலை சின்னது

சவர்க்காரம் போகும்வரை நல்ல தண்ணீரில் ஓட்டுங்கள். மெஷினை நிறுத்தி, குழாயை மூடி, துப்பாக்கியின் ட்ரிகரை அழுத்தி உள்ளேயிருக்கும் அழுத்தத்தை விடுங்கள். தண்ணீர் ஹோஸைக் கழற்றிவிட்டு, ட்ரிகரை அழுத்தியபடி இரண்டு மூன்று விநாடி மட்டும் மெஷினைப் போட்டு நிறுத்தினால் மிச்சத் தண்ணீர் வெளியே வந்துவிடும். அப்புறம் பேஸ்மென்டுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அங்கே உறையாது, அன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) தேவையில்லை. இடமில்லை, கராஜில்தான் வைக்க வேண்டும் என்றால் கீழே சொல்லும் பம்ப் வேலையையும் செய்துவிடுங்கள்.

பெற்றோல் மெஷின் என்றால்

இதில் வரிசை முக்கியம். எஞ்சின் ஓட வேண்டிய வேலைகள் எல்லாம் முதலில், தண்ணீரை வெளியேற்றுவது அடுத்தது, அன்டிஃப்ரீஸ் அதற்குப் பிறகு. மாற்றிச் செய்தால் போட்ட அன்டிஃப்ரீஸை நீங்களே கழுவிவிடுவீர்கள்.

மெஷினை வெளியே, திறந்த இடத்தில் வையுங்கள். கதவைத் திறந்து வைத்தாலும் கராஜுக்குள் ஓட்டக்கூடாது, கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். டாங்கில் இருக்கும் பெற்றோலுக்குள், அது பழுதாகாமல் காக்கும் ஃபியுவல் ஸ்டெபிலைசரைப் போத்தலில் சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள். ஒன்ராறியோவின் சாதாரணப் பெற்றோலில் சுமார் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் காபரேட்டரைக் கெடுக்கும். டாங்கை முழுதாகக் காலி செய்பவர்களும் உண்டு, அதுவும் சரிதான். எனக்கு ஸ்டெபிலைசர்தான் சுலபம்.

இப்போது தண்ணீரைத் திறந்து, ட்ரிகரை அழுத்திக் காற்றெல்லாம் போன பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சவர்க்காரக் குழாயை ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டு, சவர்க்காரம் அடிக்கும் கறுப்பு நொசிலை மாட்டி, சில நிமிடம் அடியுங்கள். சவர்க்காரப் பாதை கழுவப்படும், ஸ்டெபிலைசர் கலந்த பெற்றோலும் காபரேட்டர்வரை போய்விடும். பிறகு பெற்றோல் வால்வை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். அதுவரை தண்ணீரை மூடவே கூடாது. பம்பின் சீல்களைக் குளிராக வைத்திருப்பது அந்தத் தண்ணீர்தான். வறட்சியாக ஓட்டினால் பனி செய்யும் வேலையை நீங்களே செய்ததாகிவிடும்.

நின்றதும் சுவிட்சை ஓஃப் செய்து, குழாயை மூடி, ட்ரிகரை அழுத்தி, இரண்டு ஹோஸையும் கழற்றுங்கள். ஸ்டார்ட்டர் கயிற்றை ஐந்தாறு தடவை இழுத்தால் பம்பிலிருந்து தண்ணீர் துப்பித் துப்பி வரும்.

அடுத்து பம்ப் சேவர், அதாவது பம்புக்கென்றே வரும் அன்டிஃப்ரீஸ். கனேடியன் டயர், ஹோம் டிப்போ மாதிரிக் கடைகளில் ஸ்பிரே டப்பாவாகக் கிடைக்கும். தோட்ட ஹோஸ் மாட்டும் அதே வாயில் திருகி, மறுபக்க வாயால் நுரையோ திரவமோ வரும்வரை அழுத்துங்கள். அவ்வளவுதான். அதில் சீல்களுக்கு வழவழப்புத் தரும் எண்ணெயும் இருக்கிறது.

டப்பா கிடைக்காவிட்டால் ஆர்வி (தங்கிப் பயணம் செய்யும் வண்டி) களுக்கென விற்கும் இளஞ்சிவப்பு அன்டிஃப்ரீஸ் போதும். ஒரு துண்டுத் தோட்ட ஹோஸை உள்வாயில் மாட்டி, புனலால் ஊற்றிக்கொண்டே கயிற்றை மெல்ல இழுங்கள். மறுபக்கம் அதே நிறம் வந்தால் பம்ப் நிறைந்துவிட்டது. காருக்கு ஊற்றும் அன்டிஃப்ரீஸை மட்டும் தொடாதீர்கள். அது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கோல். இனிப்பாக இருப்பதால் நாய் பூனை நக்கும், கொஞ்சம் குடித்தாலே செத்துப்போகும். ஆர்வியில் போடுவது பொதுவாகப் புரொப்பிலீன் கிளைக்கோல். வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்.

எஞ்சின் சூடு முழுதாக ஆறுவதற்குள் ஒயிலை மாற்றிவிடுங்கள், சூட்டில்தான் அழுக்கோடு வடியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு தடவை மெல்ல இழுத்து, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். ஹோஸ், துப்பாக்கி, நொசில் எல்லாவற்றையும் தலைகீழாகப் பிடித்து வடித்து, முடிந்தால் வீட்டுக்குள் வையுங்கள். தண்ணீர் வரும் வாயிலுள்ள சின்ன வலையையும் ஒருக்கால் கழுவலாம்.

பெற்றோல் மெஷினைப் பேஸ்மென்டில் வைக்காதீர்கள். ஃபர்னஸ், சுடுதண்ணீர் டாங்க் போன்றவற்றின் சுவாலைக்குப் பெற்றோல் ஆவி எட்டினால் தீப்பிடிக்கும். கராஜ் அல்லது ஷெட்தான் இடம்.

பெப்ரவரியில் ஒருநாள் வெயில் அடித்து, காரில் படிந்த றோட்டு உப்பைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். மெஷினை எடுத்தீர்களானால் பம்ப் வேலை முழுவதையும் அன்றைக்கே திரும்பச் செய்ய வேண்டும். நான் அந்த நாட்களில் கார் வாஷுக்குக் காசு கொடுத்துவிடுவேன். வசந்தத்தில் எடுக்கும்போது, எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் தண்ணீரைத் திறந்து, நொசில் இல்லாமல் ட்ரிகரை அழுத்திப் பிடியுங்கள். நிறமும் நுரையும் போய்த் தெளிந்த தண்ணீர் வந்த பிறகு கயிற்றை இழுக்கலாம்.