கவர்ச்சி அரசியலும் ஊர்க்கூட்டங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாங்கள் நல்ல சனம், எல்லாவற்றுக்கும் காரணம் அவர்கள்தான்." இந்த ஒரே வரியை வைத்து வாக்குக் கேட்பதுதான் வெகுசனக் கவர்ச்சி அரசியல். மக்கள் கல்விக் கூட்டம் போட்டு இதை எதிர்கொள்ள நினைப்பது சரி. ஆனால் நடத்துகிற விதத்திலேயே நாம் தோற்றுவிடுகிறோம்.

பெரிய தவறு, வந்திருப்பவர்களை ஏமாளிகளாகப் பார்ப்பது. மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனை மாட்டுப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். மாட்டை நம்பி வாழ்கிற மனிதரிடம் போய் "உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்று ஆரம்பித்தால் அடுத்த கூட்டத்துக்கு யார் வருவார்? அவர்களுடைய குறை உண்மை. அதிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். அந்தத் தரை அரச நிறுவனமான மகாவலி அதிகாரசபையின் கீழ் வருகிறது. அப்படியென்றால், "வென்றால் அடுத்த மாதமே மீட்டுத் தருவேன்" என்பவரிடம் யாருடைய கையெழுத்தில் என்று கேட்கலாம்தானே? 225 பேர் இருக்கும் பாராளுமன்றத்தில் மட்டக்களப்புக்கு 5 ஆசனம் என்பதையும் நினைவூட்டலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, காரணம் சொல்லாமலே எந்தப் பிரசையும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம்; 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். கூட்டத்திலேயே ஒரு விண்ணப்பம் எழுத வையுங்கள். வளவாளரின் இரண்டு மணிநேரப் பேச்சைவிட அந்த ஒரு தாள் மேல்.

தமிழருக்கு ஒரு மண்டபம், முஸ்லிம்களுக்கு இன்னொன்று என்று பிரிப்பதும் தவறு. மொழிகூட ஒன்றுதான்! தமிழரும் முஸ்லிம்களும் முரண்படும் கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினையை இப்படிப் பேசினால், அவரவர் தம் கதையை இன்னும் இறுக்கமாக நம்பிக்கொண்டுதான் வீடு போவார்கள்.

வதந்தி பரவிய பிறகு ஓடிப்போய் விளக்கம் சொல்வது இன்னொன்று. 2018 பெப்ரவரி 26 அன்று அம்பாறை நகரில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய கதையால் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுப்பொருள் என்று அரச பகுப்பாய்வு பிறகு சொன்னது. உடைந்தது உடைந்ததுதான். ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே கிடையாது என்பதை ஊர் மருத்துவமாதுவோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ அமைதியான நாளில் சொல்லியிருந்தால், அந்த இரவில் சிலராவது தயங்கியிருப்பார்கள்.

அப்புறம் நேரம். பெரும்போக அறுவடை மும்முரத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, "மக்களுக்கு ஆர்வமில்லை" என்று அறிக்கை எழுதாதீர்கள்.