ஊரில் நிற்கும்போது குரக்கன், சிவப்பரிசி, பாஸ்தா வாங்குவது எப்படி

வெளிநாட்டிலிருந்து ஐந்தாறு கிழமை லீவில் குடும்பமாக யாழ்ப்பாணம் போய் நிற்கிறவர்களுக்கு முதல் கிழமையே சமையலறையில் பிரச்சினை தொடங்கும். அப்பம்மாவுக்குக் குரக்கன் (கேழ்வரகு) பிட்டு வேண்டும், உங்களுக்குச் சிவப்பரிசிச் சோறு, சின்னவனுக்கு பாஸ்தா. எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பக்கற்றாக வாங்கினால் காசு வீணாகும், குரக்கன் மா கைக்கும். நான் சொல்வது ஒன்றுதான்: தானியத்தைத் தானியமாகவே வாங்குங்கள், மாவாக வாங்காதீர்கள்.

அரிசி வாங்க முன்னம் மாதத்தைப் பாருங்கள். காலபோக நெல் புரட்டாதி, ஐப்பசி மழையோடு விதைத்துத் தை, மாசியில் வெட்டுவது. தைப்பொங்கலுக்குப் போகிறவர்களுக்குப் புத்தரிசி கிடைக்கும். பொங்கலுக்கு அது அருமை, ஆனால் சோறாக்கினால் குழையும். நல்லூர்த் திருவிழாவுக்கு, ஆடி ஆவணியில் போகிறவர்களுக்கு ஐந்தாறு மாதம் கிடந்த அரிசி கிடைக்கும். சோற்றுக்கு அதுதான் நல்லது. கடையில் "அண்ணை, இது புதுசோ, பழசோ? எந்த ஊர் நெல்லு?" என்று கேளுங்கள். மறைக்க ஒன்றுமில்லாத வியாபாரி உடனே சொல்லுவார். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்று பேரைச் சொல்லிக் கேட்டால்தான் அந்த அரிசி வரும். வெறுமனே "சிவப்பரிசி" என்றால் கையில் கிடைப்பதைக் கட்டித் தந்துவிடுவார்கள். ஒரு பிடி அள்ளிக் கையில் தேய்த்துப் பாருங்கள். தவிட்டு நிறம் உள்ளங்கையில் கொஞ்சம் ஒட்டினால் அளவுக்கு மீறித் தீட்டாத அரிசி.

பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டுமென்றால் யாழ் நகரில் பெரியகடைப் பக்கத்து மொத்தக் கடைகளில் விசாரியுங்கள். சுன்னாகம், திருநெல்வேலி, சாவகச்சேரி, கொடிகாமம் சந்தைகளுக்கு விடிய வெள்ளனப் போவது இன்னும் நல்லது. அங்கே அந்தர் என்று சொன்னால் ஐம்பது கிலோ அளவு. ஒரு வீட்டுக்கு அது கூட, அயலில் இரண்டு வீட்டைச் சேர்த்தால் சரிவரும். கையில் காசு வைத்திருங்கள்.

குரக்கன், சாமை, தினை, உழுந்து, பயறு எல்லாம் சந்தையில் வாங்கலாம். குரக்கனில்தான் வேலை கூட. மணல் கலந்திருக்கும், ஆகையால் சுளகில் புடைத்து, தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அரித்து, இரண்டு நாள் நல்ல வெய்யிலில் காயவிட்டு, மில்லில் திரிக்கக் கொடுங்கள். ஒரு கிழமைக்குத் தேவையானதை மட்டும் திரியுங்கள், மா வைத்திருந்தால் கைப்புத் தட்டும். ஒருமுறை நான் அவசரத்தில் பக்கற் குரக்கன் மா வாங்கினேன். பிட்டு வெள்ளைப் பிட்டுப்போல வெளிறி வந்தது, பாதிக்கு மேல் கோதுமை மா. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் வலிக்கும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் மில் விடயத்தில் கவனம். உங்களுக்கு முன்னம் வந்தவர் கோதுமை திரித்திருந்தால் அதன் மிச்சம் உங்கள் மாவில் விழும். அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டு உரலில் இடித்து அரித்த அரிசி மாவில் இடியப்பம் அவித்துக் கொடுங்கள். பாஸ்தா தேடி அலைவதைவிட அது நூறு மடங்கு மேல்.

பாஸ்தாவை சூப்பர்மார்க்கெற்றில்தான் தேட வேண்டும். ஆஸ்பத்திரி வீதியில் உள்ள கார்கில்ஸ் கட்டடத்தில் பாருங்கள். இலங்கையில் கோதுமை விளைவதில்லை, தானியம் கப்பலில்தான் வருகிறது. பாஸ்தாவுக்கு உரிய கடினமான டூரம் கோதுமை என்று பக்கற்றில் எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள். சாதாரண கோதுமை மாவில் செய்த மக்கரோனி இரண்டு நிமிடம் கூடுதலாக அவிந்தாலே களியாகிவிடும். பெட்டியாக வாங்க நினைத்தால் முதலில் ஒரு பக்கற்றை அவித்துப் பாருங்கள், காலாவதித் திகதியையும் பாருங்கள்.

ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவை, மறக்க வேண்டாம். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையிலும் சந்தையிலும் கேட்டுப் பாருங்கள். கூழுக்கும் பிட்டுக்கும் எடுக்கும்போது முதலில் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றி மாற்றிக் கைப்பெடுக்க வேண்டும். புழுக்கொடியல் அவித்துக் காயவைத்தது, அப்படியே கடிக்கலாம்.

ஊர்ப் புழுக்கத்தில் வண்டு கெதியாகப் பிடிக்கும். மூடி இறுகிய தகர டின்னில் போட்டு, காய்ந்த வேப்பிலையையும் நாலைந்து செத்தல் மிளகாயையும் வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெய்யிலில் பரப்புங்கள்.

திரும்பிப் போகும்போது கட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு சொல். தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டுக்குப் பயந்து அவுஸ்திரேலியா 2020 முதல் அரிசி, பயறு, கவுபி, பருப்பு, கொத்தமல்லி, செத்தல் மிளகாய் எதையும் பயணப் பையில் விடுவதில்லை. அமெரிக்காவும் இலங்கையிலிருந்து வரும் அரிசியைப் பையில் அனுமதிப்பதில்லை. மற்ற நாட்டுக்காரர்கள் புறப்பட முன் அந்தந்த நாட்டுச் சுங்க விதியைப் பாருங்கள், எது கொண்டுபோனாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். மிஞ்சிய மொட்டைக்கறுப்பனைப் பெரியம்மா வீட்டு டின்னில் கொட்டிவிட்டு வாருங்கள்.