ஜப்பானில் சைக்கிள் பயணமா? 100 யென் நாணயம் சேர்த்து வையுங்கள்

ஜப்பானின் கடலோரக் கிராமங்களில் சைக்கிளில் சுற்றுபவர்கள், காலையில் கிளம்பும்போதே வழியில் ஒரு கடையில் ஏதாவது வாங்கி, பெரிய நோட்டை மாற்றி 100 யென் நாணயங்களாக வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களின் பொது வெந்நீர் ஊற்றுக் குளியலறைகள் பலவற்றில் ஆளே இருப்பதில்லை; வாசலில் இருக்கும் பெட்டியில் காசைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். மீதிச் சில்லறை தர யாரும் இல்லை. சில நூறு யென்னில் நாள் முழுக்க மிதித்த களைப்பு போய்விடும், குளிப்பதற்காக விடுதியில் அறை எடுக்க வேண்டியதில்லை. அப்புறம், சோப்பும் துண்டும் கொண்டுபோங்கள், பெரும்பாலும் அங்கே இருக்காது.

எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. நாகானோ மலைப்பக்கத்து ஷிபு ஆன்சென் என்ற வெந்நீர் ஊற்று ஊரில் பெரும்பாலான பொதுக் குளியலறைகள் பூட்டியே இருக்கும். அந்த ஊரில் இரவு தங்குபவர்களுக்குத்தான் சாவி.